சூரிய வெப்ப சேகரிப்பான்களின் திறன் எங்கே குறைகிறது, எப்படிக் கூட்டலாம்? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: சூரிய மின்சாரம் பற்றிய செய்திகளுக்கு நடுவே அதிகம் பேசப்படாத மற்றொரு சூரியத் தொழில்நுட்பம் நாட்டின் பல லட்சம் கூரைகளில் இயங்கி வருகிறது. சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றாமல் நேரடியாக வெப்பமாகப் பிடித்துத் தரும் சூரிய வெப்ப சேகரிப்பான்களே அவை. வீட்டு மாடியில் உள்ள சோலார் வாட்டர் ஹீட்டர் முதல் திருமலையின் நீராவி சமையற்கூடம், ராஜஸ்தான் பாலைவனத்தின் வெப்ப மின் நிலையம் வரை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்.

2010 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், 2022-ஆம் ஆண்டுக்குள் 2 கோடி சதுர மீட்டர் பரப்பளவுக்கு வெப்ப சேகரிப்பான்களை நிறுவ இலக்கு வைத்தது. வீட்டு வாட்டர் ஹீட்டர்களுக்கு மத்திய அரசு வழங்கி வந்த மூலதன மானியம் 2014-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், போட்ட பணம் மின் கட்டணச் சேமிப்பாகத் திரும்பி வருமா என்பது பெருமளவில் கருவியின் செயல்திறனையே சார்ந்துள்ளது. அந்தத் திறனை எது தீர்மானிக்கிறது, எங்கே அது வீணாகிறது, எப்படிக் கூட்டலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எவ்வளவு வெப்பம் தேவை?

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 4 முதல் 7 கிலோவாட் மணி வரை சூரிய ஆற்றல் விழுகிறது. மின் கட்டண மொழியில் சொன்னால் அது 4 முதல் 7 யூனிட்.

100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸில் இருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4.65 யூனிட் ஆற்றல் தேவை. 2 கிலோவாட் கீசர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இயங்கினால்தான் இந்த வேலை முடியும். நூறு லிட்டர் கொள்ளளவுக்கு 2 சதுர மீட்டர் தட்டைத் தகடு சேகரிப்பான் பொருத்துவது இந்தியாவில் வழக்கம். ஒரு சதுர மீட்டருக்கு 5 யூனிட் வீதம் நாளொன்றுக்கு 10 யூனிட் அதன் மேல் விழுகிறது என்று கொள்வோம். சேகரிப்பான் அதில் பாதியைப் பிடித்தாலே தேவை நிறைவேறிவிடும். பிடிக்கும் அளவு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தால், மீதியை மின்சாரமே ஈடுகட்ட வேண்டும்.

100 லிட்டர் கொள்ளளவு கொண்ட ஒரு ஹீட்டர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க முடியும் என்பது மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் மதிப்பீடு. குளிர்காலக் காலைகளில் நகரங்களின் கீசர்கள் ஒரே நேரத்தில் இயங்கி மின் தேவையை உச்சத்துக்குக் கொண்டுசெல்வதால், இந்தச் சேமிப்பு மின் வாரியங்களுக்கும் முக்கியமானது. கர்நாடக அரசு 2007-இல் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களில் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கியதன் பின்னணியும் இதுவே.

திறன் ஒரே எண் அல்ல

கடைகளில் ஒரு சேகரிப்பானின் திறன் இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்லப்படுவது உண்டு. இயற்பியல் அதை ஏற்பதில்லை. ஒரே கருவி காலையில் ஒரு திறனிலும் பிற்பகலில் வேறொரு திறனிலும் இயங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹாய்ட் ஹாட்டலும் வோர்ட்ஸும் 1942-இல் வெளியிட்ட ஆய்வே இந்தக் கணக்கின் தொடக்கம். வில்லியர், பிளிஸ் ஆகியோர் பின்னர் அதை விரிவுபடுத்தினர். அதன் சாரம் எளிமையானது. உள்ளே நுழைந்து உறிஞ்சப்படும் ஒளியில் இருந்து வெளியே கசியும் வெப்பத்தைக் கழித்தால் எஞ்சுவதே பயன். அந்தக் கசிவோ, சேகரிப்பானின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு தட்டைத் தகடு சேகரிப்பான், விழும் ஒளியில் 70 சதவீதத்தை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு 5 வாட் இழக்கிறது. ஒரு வெற்றிடக் குழாய்ச் சேகரிப்பான் 60 சதவீதத்தை உறிஞ்சுகிறது, டிகிரிக்கு 1.5 வாட் மட்டுமே இழக்கிறது. வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட் என்று கொள்வோம்.

வெளிக்காற்றைவிடத் தண்ணீர் 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்கும்போது தட்டைத் தகட்டின் திறன் சுமார் 64 சதவீதம், வெற்றிடக் குழாயின் திறன் சுமார் 58 சதவீதம். வேறுபாடு 40 டிகிரி ஆனால் முன்னது 45 சதவீதமாக இறங்குகிறது. பின்னது 52 சதவீதத்துக்குச் சற்று மேல் நிற்கிறது. 70 டிகிரி வேறுபாட்டில் தட்டைத் தகடு 26 சதவீதத்துக்குச் சரிகிறது. வெற்றிடக் குழாய் ஏறத்தாழ 47 சதவீதத்தில் தாக்குப்பிடிக்கிறது.

எனவே எந்த வகை சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. மிதமான வெப்பம் போதுமான, வெளிக்காற்றும் சூடாக உள்ள ஊருக்குத் தட்டைத் தகடு ஏற்றது. லடாக்கின் லே போன்ற உறைகுளிர்ப் பகுதிக்கும், அதிக வெப்பநிலை தேவைப்படும் ஆலைக்கும் வெற்றிடக் குழாய் பொருந்தும்.

முதல் இழப்பு: கண்ணாடியில்

சேகரிப்பானின் மேல் மூடியாக உள்ள கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரு பரப்புகளிலும் சேர்த்து ஏறத்தாழ 8 சதவீதம் தொடக்கத்திலேயே போய்விடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் உள்ள இரும்பு ஆக்சைடு மேலும் கொஞ்சம் ஒளியை விழுங்குகிறது.

இரும்பு குறைந்த, பதப்படுத்தப்பட்ட கண்ணாடியைப் பயன்படுத்தினால் ஊடுருவும் ஒளி சுமார் 90 சதவீதத்தை எட்டும். எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சையும் சேர்த்தால் 95 சதவீதம் வரை உயரும். இவ்விரண்டு கண்ணாடிகளையும் வாங்குவோரே வேறுபடுத்தி அறியலாம். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் சாதாரணக் கண்ணாடி அடர் பச்சையாகத் தெரியும். இரும்பு குறைந்த கண்ணாடியின் விளிம்பு கிட்டத்தட்ட நிறமற்று இருக்கும்.

இரண்டாம் இழப்பு: கறுப்பு நிறத்தில்

கறுப்பு வண்ணம் பூசினால் வெப்பத்தை நன்கு உறிஞ்சும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் நன்கு உறிஞ்சும் சாதாரணக் கறுப்பு வண்ணம், சூடானதும் அதே வேகத்தில் வெப்பத்தைக் கதிராக வெளியிடவும் செய்கிறது. 80 டிகிரி வெப்பநிலையில் உள்ள முழுக் கறுப்புப் பரப்பு, 30 டிகிரியில் உள்ள சுற்றுப்புறத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 வாட்டை இழக்கும். நல்ல வெயிலில் கிடைப்பதில் இது பாதி.

இதற்கு 1955-இல் தீர்வு கண்டவர் இஸ்ரேல் விஞ்ஞானி ஹாரி தாபோர். சூரிய ஒளி குறைந்த அலைநீளம் கொண்டது. சூடான தகடு வெளியிடும் கதிரோ நீண்ட அலைநீளம் கொண்டது. முன்னதை உறிஞ்சி, பின்னதை வெளியிடாத பூச்சைத் தகட்டின் மேல் படியவைத்தால் இழப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் காட்டினார். தேர்வுப் பூச்சு என்று அழைக்கப்படும் இவ்வகையில் கருங்குரோம் பூச்சு பரவலாக அறியப்பட்டது. சூரிய ஒளியில் 95 சதவீதம் வரை உறிஞ்சும் அது, முழுக் கறுப்புப் பரப்பு வெளியிடும் வெப்பக் கதிரில் பத்தில் ஒரு பங்கு அளவையே வெளியிடுகிறது. மேலே சொன்ன 400 வாட் இழப்பு இதனால் சுமார் 40 வாட்டாகச் சுருங்கும்.

தேர்வுப் பூச்சு உள்ளதா, வெறும் கறுப்பு வண்ணமா என்பதைக் கண்ணால் அறிவது கடினம். இங்குதான் தரச்சான்று கைகொடுக்கிறது. தட்டைத் தகடு சேகரிப்பான்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 12933. அந்த முத்திரையைக் கேட்டு வாங்குவது பரிந்துரைக்கப்படுகிறது.

மூன்றாம் இழப்பு: காற்றில்

தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள காற்று சூடாகி மேலெழுந்து, கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்து, மீண்டும் கீழிறங்குகிறது. இந்தச் சுழற்சி வெப்பத்தை வெளியே கடத்துகிறது. இடைவெளியைச் சுமார் 25 மில்லிமீட்டராக வைத்தால் இழப்பு மட்டுப்படும். இடைவெளியை மிகவும் குறைத்தாலும் பயனில்லை. காற்றின் ஊடாகவே வெப்பம் கடந்துவிடும். தகட்டின் அடியிலும் பக்கங்களிலும் ராக்வூல் போன்ற வெப்பக் காப்புப் பொருள் வைக்கப்படுகிறது. மழைநீர் கசிந்து அது நனைந்துவிட்டால் காப்பு பலனளிக்காது.

வெற்றிடக் குழாய்களில் இந்தச் சிக்கல் அடியோடு நீக்கப்படுகிறது. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய்களுக்கு இடையே காற்று வெளியேற்றப்பட்டிருப்பதால் வெப்பச் சலனத்துக்கு வழியில்லை. குழாயின் மூடிய முனையில் வெள்ளி போலப் பளபளக்கும் பேரியம் படலம் இருக்கும். விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அது வெள்ளை நிறமாக மாறிவிடும். ஒரு குழாய் கெட்டுவிட்டதா என்பதை வீட்டில் இருந்தபடியே அறிய இதுவே எளிய வழி. வெயிலில் நெடுநேரம் காய்ந்த வெற்றுக் குழாயில் குளிர்ந்த நீரை நிரப்பினால் கண்ணாடி உடையக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காம் இழப்பு: தகட்டில் இருந்து நீருக்கு

உறிஞ்சிய வெப்பம் தண்ணீரைச் சென்று சேர வேண்டும். தகட்டோடு செம்புக் குழாய்கள் இணைக்கப்பட்டிருக்கும் பற்றவைப்பு பலவீனமாக இருந்தால், தகடு கொதித்துக்கொண்டிருக்கும். தண்ணீரோ வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதிக்கும் தகடு வெளியே இழக்கும் வெப்பமும் கூடும். குழாய்களுக்கு இடையேயான தொலைவு அதிகமானாலும் இதே விளைவுதான். ஒரு மீட்டர் அகலத் தகட்டில் ஒன்பது அல்லது பத்துக் குழாய்கள் இடம்பெறுவதன் காரணம் இது.

இந்திய நகரங்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சிக்கல் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. கடின நீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் குழாயின் உட்புறத்தில் படிகிறது. அந்தப் படிவின் வெப்பம் கடத்தும் திறன் செம்பின் திறனில் சுமார் இருநூறில் ஒரு பங்கு மட்டுமே. மேலும் அது குழாயின் துளையைக் குறுக்கிவிடுகிறது. மோட்டார் இல்லாத ஹீட்டர்களில் சூடான நீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏறுவதாலேயே சுழற்சி நடைபெறுகிறது. அந்த விசை மிகச் சிறியது. துளை குறுகியதும் நீரோட்டம் தளர்ந்து, சில ஆண்டுகளில் சேகரிப்பான் பெயரளவில் மட்டுமே இயங்கும் நிலை ஏற்படுகிறது.

கடின நீர் உள்ள இடங்களில், சேகரிப்பானில் தனி நீர் சுழன்று அதன் வெப்பம் மட்டும் பயன்பாட்டு நீருக்குக் கடத்தப்படும் வெப்பப் பரிமாற்றி வகையைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது மென்னீராக்கி பொருத்தலாம். இரண்டும் இயலாவிட்டால் குறிப்பிட்ட இடைவெளியில் உப்பு நீக்கும் பராமரிப்பைச் செய்ய வேண்டும்.

செலவின்றிக் கூட்டக்கூடிய திறன்

மேற்சொன்னவற்றில் பல, கருவியை வாங்கும்போதே முடிவாகிவிடுபவை. வாங்கிய பிறகும் கூட்டக்கூடிய திறன் குறைவானதன்று.

முதலாவது திசையும் சாய்வும். இந்தியாவில் சேகரிப்பான் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். ஆண்டு முழுவதற்குமான சராசரிப் பயனுக்கு, சாய்வு ஊரின் அட்சரேகைக்கு நெருக்கமாக இருந்தால் போதும். ஆனால் வெந்நீர் அதிகம் தேவைப்படுவது, சூரியன் தாழ்வாகச் செல்லும் குளிர்காலத்தில். ஆகவே அட்சரேகையோடு 10 முதல் 15 டிகிரி கூட்டிச் சாய்ப்பது நல்லது. பெங்களூரு 13 டிகிரியிலும், டெல்லி ஏறத்தாழ 28.6 டிகிரியிலும், லே 34 டிகிரியிலும் அமைந்துள்ளதால் மூன்று ஊர்களுக்கும் ஒரே சட்டகம் பொருந்தாது.

இரண்டாவது, குழாய்களின் வெப்பக் காப்பு. மாடியில் இருந்து குளியலறை வரை வரும் குழாய் உறையின்றி இருந்தால், சேகரித்த வெப்பத்தில் ஒரு பகுதி வழியிலேயே வீணாகும். குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது, துணை மின் ஹீட்டரின் நேரம். தொட்டியில் உள்ள மின் ஹீட்டர் நாள் முழுவதும் இயங்கினால், காலையில் வெயில் வரும்போதே தண்ணீர் சூடாக இருக்கும். சூடான நீர் சேகரிப்பானுக்குள் நுழையும்போது, மேலே கண்ட கணக்கின்படி அதன் திறன் சரிகிறது. வெயில் குறைந்த நாளில், தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் ஹீட்டரை இயக்குவதே சரி.

நான்காவது, தேவைக்கு மேல் சூடாக்காமல் இருப்பது. வீட்டில் குளிக்க 40 டிகிரி நீர் போதும். ஆனால் மருத்துவமனை, விடுதி போன்றவற்றின் பெரிய தொட்டிகளில் லெஜியோனெல்லா கிருமி வளர்வதைத் தடுக்க 60 டிகிரியில் நீரைச் சேமிப்பது அவசியம். அங்கு திறனுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது.

குவித்தால் கூடும் வெப்பம்

நீராவி தேவைப்படும் இடங்களில் வேறு உத்தி பின்பற்றப்படுகிறது. இழப்பு, சூடான பரப்பின் அளவைப் பொறுத்தது. எனவே பெரிய பரப்பில் விழும் ஒளியைக் கண்ணாடிகளால் சிறிய பரப்பில் குவித்தால், வெப்பநிலை உயர்ந்தாலும் இழப்பு கட்டுக்குள் இருக்கும்.

திருமலையில் 2002-இல் நிறுவப்பட்ட சமையற்கூட அமைப்பில் 106 ஷெஃப்லர் வகைக் குவிதட்டுகள் நீராவியை உருவாக்குகின்றன. நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது வடிவமைக்கப்பட்டது. ஷீரடியில் 2009-இல் 73 குவிதட்டுகளுடன் இத்தகைய அமைப்பு தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் உள்ள பால் பண்ணையில் சூரியனைப் பின்தொடரும் பெரிய குவிதட்டு, பாலைப் பதப்படுத்த வெப்பம் தந்தது. ராஜஸ்தானின் அபு ரோட்டில் உள்ள 'இந்தியா ஒன்' நிலையம் 770 குவிதட்டுகளைக் கொண்டது. வார்ப்பிரும்பில் வெப்பத்தைச் சேமித்து, சூரியன் மறைந்த பின்னும் அதைப் பயன்படுத்துகிறது.

ஆனால் குவிப்பதற்கு ஒரு விலை உண்டு. தட்டைத் தகடு, மேகத்திலும் தூசியிலும் சிதறி வரும் ஒளியையும் ஏற்கும். குவிதட்டுக்கோ சூரியனில் இருந்து நேராக வரும் கதிர் மட்டுமே பயன்படும். கண்ணாடி மீது படியும் தூசியும் ஒளியைச் சிதறடித்து, குவியத்தில் இருந்து விலக்கிவிடும்.

இந்த உண்மையைச் சரியாக மதிப்பிடாததன் விளைவை நாடு கண்டுள்ளது. தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதல் கட்டத்தில், மொத்தம் 470 மெகாவாட் கொண்ட ஏழு சூரிய வெப்ப மின் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவற்றில் ராஜஸ்தானின் நோக், துர்சார் ஆகிய இடங்களிலும் ஆந்திரத்தின் அனந்தபூரிலும் மட்டுமே நிலையங்கள் இயக்கத்துக்கு வந்தன. அவற்றின் மொத்தத் திறன் 225 மெகாவாட். செயற்கைக்கோள் தரவின் அடிப்படையில் கணிக்கப்பட்ட நேர்க்கதிரின் அளவு, தரையில் அளந்தபோது குறைவாக இருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. தூசி மிகுந்த வளிமண்டலம் நேர்க்கதிரைக் குறைத்ததே இதற்கு அடிப்படை. சூரிய மின்தகடுகளின் விலை வேகமாகச் சரிந்ததும் இத்திட்டங்களின் கவர்ச்சியைக் குறைத்தது.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

தண்ணீரில் நுண்ணிய உலோக ஆக்சைடு துகள்களைக் கலந்து வெப்பம் கடத்தும் திறனைக் கூட்டும் நானோ திரவங்கள் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆய்வு நடைபெறுகிறது. குழாய்க்குள் முறுக்கப்பட்ட உலோகப் பட்டையைச் செருகி நீரைச் சுழலச் செய்வது மற்றொரு முறை. இரண்டிலும் வெப்பப் பரிமாற்றம் கூடுகிறது. கூடவே நீரோட்டத்துக்கான தடையும் கூடுகிறது. மோட்டார் வைத்த ஆலைகளில் அதைச் சமாளிக்கலாம். இயற்கைச் சுழற்சியில் இயங்கும் வீட்டு ஹீட்டரில் அந்தத் தடையே லாபத்தை விழுங்கிவிடக்கூடும். நானோ துகள்கள் நாளடைவில் அடியில் படிந்துவிடுவதும் தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாக உள்ளது.

சூரிய மின்தகட்டின் பின்புறத்தில் நீரைச் செலுத்தி, மின்சாரத்தையும் வெந்நீரையும் ஒரே பரப்பில் பெறும் கலப்புச் சேகரிப்பான்களும் வளர்ந்து வருகின்றன. மின்தகடு குளிர்ந்தால் அதன் மின் உற்பத்தி கூடும் என்பது இதன் அனுகூலம். ஆனால் நீர் அதிகம் சூடானால் மின் உற்பத்தி குறையும். எனவே மிதமான வெப்பம் போதுமான இடங்களுக்கே இது பொருந்தும்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

எத்தனை டிகிரி நீர், நாளின் எந்த நேரத்தில், எவ்வளவு தேவை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதன் பின் நீரின் கடினத்தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். தகட்டில் தேர்வுப் பூச்சு உள்ளதா, கண்ணாடி இரும்பு குறைந்ததா, தரச்சான்று உள்ளதா என்று கேட்க வேண்டும். நிழல் விழாத இடம், தெற்கு நோக்கிய சரியான சாய்வு, குறுகிய, காப்புறை இட்ட குழாய் ஆகியவற்றைப் பொருத்தும்போதே உறுதி செய்ய வேண்டும்.

பொருத்திய பிறகு கண்ணாடியில் படியும் தூசியை அவ்வப்போது துடைப்பதும், உப்புப் படிவை நீக்குவதும், வெற்றிடக் குழாயின் முனை வெளுத்துள்ளதா எனப் பார்ப்பதும் பயனாளரின் பொறுப்பு. விலையுயர்ந்த பூச்சினால் கிடைக்கும் சில சதவீத லாபத்தை, உப்பு அடைத்த ஒரு குழாயோ நனைந்துபோன வெப்பக் காப்போ எளிதில் பறித்துவிடும்.